விடுதலைப் போர்ப் படங்களில் பெண்களின் குரல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1960களிலும் 70களிலும் ஆப்பிரிக்க விடுதலைப் போர்களைப் பற்றி எடுக்கப்பட்ட படங்கள் இன்றும் திரைப்படச் சங்கங்களிலும் கல்லூரி அரங்குகளிலும் ஓடுகின்றன. படம் முடிந்து விளக்கு எரிந்ததும் பெண்களைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பேச்சு பெரும்பாலும் அல்ஜீரியாவைப் பற்றியது. அங்கோலா, செனகல், கினி-பிசாவ் ஆகியவையும் வரும்.

'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' படத்தில் குண்டு வைப்பதே மூன்று பெண்கள். அப்படியிருந்தும் பெண்களுக்கு இடமில்லை என்று ஏன் சொல்கிறார்கள்?

இடம் இருக்கிறது, பேச்சுதான் இல்லை. பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான அல்ஜீரிய விடுதலைப் போரைப் பற்றி ஜில்லோ பொன்தேகோர்வோ 1966இல் இயக்கிய இந்த 121 நிமிடப் படத்தில் பெண்கள் துப்பாக்கி கடத்துகிறார்கள், சேதி கொண்டுபோகிறார்கள், சோதனைச் சாவடியைக் கடக்கிறார்கள், குண்டு வைக்கிறார்கள், கடைசியில் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்து ஆண்களோடு சாகிறார்கள். ஆனால் எதற்காக, எப்போது, எந்த இடத்தில் என்று முடிவாகும் எந்தக் கூட்டத்திலும் அவர்கள் வாய் திறப்பதில்லை. நாயகன் அலி லா புவாந்துக்குக் கடந்தகாலம் உண்டு: சிறை, சூதாட்டம், தலை துண்டிக்கும் கில்லட்டினை நேரில் பார்த்து மனம் மாறிய கணம். போராளித் தலைவன் ஜாஃபருக்குத் திட்டம் உண்டு. எதிரியான கர்னல் மாத்தியூவுக்குக்கூட நீண்ட பத்திரிகையாளர் சந்திப்பு உண்டு. மூன்று பெண்களில் ஒருத்தி என்ன படித்தாள், எந்த வீட்டுப் பெண், இந்த வேலைக்கு எப்படி வந்தாள் என்று படம் சொல்லவே இல்லை.

இதற்கு ஒரு காரணம் தயாரிப்பிலேயே இருக்கிறது. படத்தின் அல்ஜீரியத் தயாரிப்பாளர் யாசெஃப் சாதி. அல்ஜியர்ஸின் பழைய நகரப் பகுதியான கஸ்பாவில், போராட்டத்தை நடத்திய தேசிய விடுதலை முன்னணியின் தலைவராக இருந்தவர், படத்தில் ஜாஃபராக நடித்தவரும் அவரே. கதை தலைமையின் கண்ணோட்டத்தில் நகர்வதில் வியப்பில்லை.

கண்ணாடி முன் உடை மாற்றும் காட்சியில் வசனம் இல்லாததுதானே அதன் அழகு?

அழகுதான். அதை யாரும் மறுக்கவில்லை. அந்தக் காட்சிக்கு முதலில் வசனம் எழுதியிருந்தார்கள். பொன்தேகோர்வோ அதைத் தூக்கிவிட்டு 'பாபா சலேம்' என்ற உள்ளூர் மேள ஓசையை வைத்தார். முடி வெட்டுவது, சாயம் பூசுவது, ஐரோப்பிய உடைக்கு மாறுவது எல்லாம் அந்தத் தாளத்தின் மேலேயே நடக்கிறது. பதற்றம் கூடுகிறது. அந்தப் பதற்றத்தோடு பார்க்கும்போது அவர்கள் வாயடைத்திருப்பது நம் கண்ணில் படுவதில்லை. காட்சி வென்றதால்தான் அந்த இழப்பு தெரியாமல் போகிறது.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ஒலியை அணைத்துவிட்டு அந்தக் காட்சியை ஒருமுறை ஓட்டுங்கள். தாளம் போனதும் தயக்கம், எரிச்சல், முடியை இழக்கும் வருத்தம் என்று மூன்று முகங்களில் மூன்று விதம் தெரியும். நடித்தவர்களிடம் சொல்வதற்கு ஏதோ இருந்திருக்கிறது.

படத்தில் வருவது அப்படியே நடந்ததா?

பெரும்பாலும் நடந்ததுதான், ஒரு முக்கியமான மாற்றத்தோடு. 1956 ஆகஸ்ட் 10 அன்று கஸ்பாவின் தேப் தெருவில் ஐரோப்பியத் தீவிரவாதிகள் வைத்த குண்டு குடியிருப்புகளைத் தரைமட்டமாக்கியது. அதற்குப் பதிலடியாக செப்டம்பர் 30 அன்று மூன்று பெண்கள் மூன்று இடங்களுக்குப் போனார்கள். மில்க் பாருக்குச் சட்டக் கல்லூரி மாணவி ஸோரா திரீஃப், மிஷ்லே தெருவின் காஃபெட்டேரியாவுக்கு சாமியா லக்தாரி, ஏர் பிரான்ஸ் அலுவலகத்துக்கு ஜமீலா பூஹிரெத். ஏர் பிரான்ஸ் குண்டு கோளாறால் வெடிக்கவில்லை. படத்தில் மூன்றும் வெடிக்கின்றன.

கலந்துரையாடலில் அடிக்கடி வரும் ஒரு பிழையையும் இங்கேயே சொல்லிவிடலாம். படத்தின் பாத்திரப் பெயர்களை வரலாற்றுப் பெயர்களோடு ஒட்டிப் பேசாதீர்கள். படத்தில் ஜமீலா, ஹஸீபா என்ற பெயர்கள் வந்தாலும் யார் எங்கே போனார்கள் என்பது வரலாற்றோடு ஒன்றுக்கொன்று பொருந்தாது. உண்மையான ஹஸீபா பென் பூவாலி 1957 அக்டோபர் 8 அன்று, அலி லா புவாந்தோடும் சிறுவன் ஓமரோடும், பதுங்கிய வீடு தகர்க்கப்பட்டபோது இறந்தார்.

உண்மையில் எத்தனை பெண்கள் போராட்டத்தில் இருந்தார்கள்? எல்லோரும் குண்டு வைத்தவர்களா?

இல்லை. போராளியாக இருந்து பின்னாளில் வரலாற்றாசிரியரான ஜமீலா அம்ரான் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான அமைச்சகத்தின் பதிவுகளை எடுத்து எண்ணினார். பதிவாகியிருந்த பெண்கள் 10,949 பேர். அவர்களில் 9,194 பேர் குடிமக்கள் அமைப்பில் இருந்தவர்கள், 1,755 பேர் படைப்பிரிவில் இருந்தவர்கள். அதாவது ஆறில் ஐந்து பங்குக்கு மேல் சோறு ஆக்கிப் போட்டவர்கள், ஒளிய இடம் கொடுத்தவர்கள், மருந்தும் பணமும் சேதியும் கடத்தியவர்கள். பெயர் பதியாமல் விட்டவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண் அலுவலகம் ஏறிச் சான்றும் சாட்சியும் கொடுத்துப் பதிவது எளிதல்ல.

பிடிபட்டால் வீடு எரியும், பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்பார்கள். அப்படித் தெரிந்தே கதவைத் திறந்துவிட்டவளைக் காட்டச் சினிமாவிடம் பழகிய வடிவம் இல்லை. குண்டுக் கூடைக்குக் கடிகாரம் இருக்கிறது. அடுப்படிக்குக் கடிகாரம் இல்லை.

ஹாயிக் என்ற வெள்ளைப் போர்வை படத்தில் இவ்வளவு முறை ஏன் வருகிறது?

தலையிலிருந்து கால்வரை உடலை மூடும் துணி அது. படத்தில் அதற்கு மூன்று வேலைகள் உண்டு. முதலில் அது காப்பு: சாவடியில் ஒரு சிப்பாய் போர்வை போர்த்திய பெண்ணைத் தொட, அவள் கூச்சலிட, 'அவர்களுடைய பெண்களைத் தொடாதே' என்று அந்தச் சிப்பாயை அதட்டுகிறார்கள். அவள் உள்ளே மறைத்த துப்பாக்கி கைமாறுகிறது. இரண்டாவதாக அதைக் கழற்றுவதே ஆயுதமாகிறது, ஐரோப்பிய உடையில் கண்ணாடி முன் நிற்கும் மூவரும் அப்படித்தான் சாவடியைக் கடக்கிறார்கள். மூன்றாவது ஆண்களுக்கானது. ஜாஃபரும் அலியும் அதைப் போர்த்திப் பெண் வேடத்தில் போக, காலணியைப் பார்த்துச் சிப்பாய்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

அல்ஜீரிய விடுதலையை ஆதரித்த எழுத்தாளர் ஃபிரான்ட்ஸ் ஃபனோன் 1959இல் எழுதிய நூலின் முதல் கட்டுரை இதைத்தான் பேசுகிறது: முக்காட்டைக் கழற்றுவதும் போடுவதும் போரின் தேவைக்கேற்ப மாறியது என்று. அந்தக் கட்டுரையைக் கூடவே படிப்பது நல்லது, ஒரு எச்சரிக்கையோடு. போரில் உடை மாறியதால் குடும்பமும் மாறிவிடும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. 1962இல் விடுதலை வந்தது. 1984இல் வந்த குடும்பச் சட்டம், வயதுவந்த பெண்ணும் திருமணத்துக்கு ஆண் காப்பாளர் வேண்டும் என்றது, மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றது. அதற்கு முந்தைய வரைவை எதிர்த்து 1981–82இல் தெருவில் நின்றவர்களில் அதே பழைய போராளிப் பெண்களும் இருந்தார்கள்.

இரவில் கேட்கும் அந்த ஓலம் என்ன?

அது ஓலம் இல்லை, குலவை. வட ஆப்பிரிக்கப் பெண்கள் கல்யாணத்திலும் கொண்டாட்டத்திலும் எழுப்பும் ஒலி. நம் ஊர்க் கோயில் கொடையில் கேட்பதற்கு நெருங்கிய உறவு. கஸ்பாவின் மொட்டைமாடிகளிலிருந்து எழும்போது அது ஊரையே எழுப்பும் அறைகூவலாகிறது. ஆங்கில வசன வரியில் இதற்கு ஒன்றும் போடமாட்டார்கள், போட்டாலும் 'கூச்சல்' என்ற அளவில்தான். தமிழில் வசன வரி எழுதுகிறவர்கள் 'குலவை' என்று போட்டால் பாதி விளக்கம் முடிந்தது. படத்தில் பெண்கள் கூட்டாக எழுப்பும் ஒரே அரசியல் குரல் அது என்பதால் அதை விட்டுவிடக் கூடாது.

1960 டிசம்பர் ஆர்ப்பாட்டத்தில் புகைக்கு நடுவே ஒரு பெண் கொடியோடு முன்னும் பின்னும் ஆடுவதில் படம் முடிகிறது. அவளுக்கும் பெயர் இல்லை.

சித்திரவதைக் காட்சிகளில் பெண்கள் ஏன் இல்லை? யாருக்கும் நடக்கவில்லையா?

நடந்தது. ஜமீலா பூஹிரெத் 1957இல் பிடிபட்டு மரண தண்டனை பெற்றார். உலகெங்கும் எதிர்ப்பு கிளம்பிய பிறகே அது நிறைவேறாமல் நின்றது. அவர் சிறையில் இருக்கும்போதே 1958இல் எகிப்தில் யூசுஃப் ஷாஹீன் அவரைப் பற்றிப் படம் எடுத்தார், முக்கிய வேடத்தில் நடித்த மாக்தாவே தயாரிப்பாளரும். இன்னொரு போராளியான ஜமீலா பூபாஷா 1960 பிப்ரவரியில் பிடிபட்டுச் சித்திரவதைக்கும் பாலியல் வன்முறைக்கும் ஆளானார். வழக்கறிஞர் ஜிஸெல் அலிமியும் எழுத்தாளர் சிமோன் தெ பூவாவும் அதைப் பாரிஸ் பத்திரிகைகளில் வெடிக்கச் செய்தார்கள். 1957இல் பிடிபட்ட லூயிசெத் இகிலாரிஸ் தனக்கு நடந்ததைப் பிரெஞ்சு நாளிதழில் சொன்னது 2000 ஜூனில். இடைப்பட்ட 43 ஆண்டு மௌனத்துக்கு இராணுவம் மட்டும் காரணம் இல்லை. வீட்டிலும் ஊரிலும் மானம் என்ற பெயரில் இருந்த தடையும் காரணம்.

1966இல் ஒரு படம் இதைக் காட்டாமல் விட்டதை மறைப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அந்தக் காயத்தை வேடிக்கைக் காட்சியாக்காமல் விட்டதற்கு மதிப்பு உண்டு. ஆனால் காட்டாமலும் சொல்ல வைக்கலாம். ஒரு பெண் உட்கார்ந்து இரண்டு வாக்கியம் பேசியிருந்தால் போதும்.

'சம்பிசங்கா' படத்தில் மரியா நடந்துகொண்டே இருக்கிறாள். அது என்ன எதிர்ப்பு?

இந்தக் கேள்வி வராத திரையிடலே கிடையாது. சாரா மல்தோரோர் 1972இல் எடுத்த படம், 1961 பிப்ரவரி 4 அன்று அங்கோலாவின் லுவாண்டா சிறை தாக்கப்பட்டதற்கு முந்தைய நாட்களில் நடக்கிறது. டிராக்டர் ஓட்டும் தொமிங்கோஸைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. அவன் இயக்கத்தில் இருந்தது மனைவி மரியாவுக்குத் தெரியாது. குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக, அலுவலகம் அலுவலகமாக அவனைத் தேடிப் போகிறாள். உள்ளே அவன் அடித்துக் கொல்லப்படுகிறான்.

சிறைக்குள் என்ன நடக்கிறது என்பது ஒரு பாதி. மறுபாதியில் ஒரு கைது எத்தனை பேர் மேல் விழுகிறது என்பது நடையாகவும் பேருந்தாகவும் காத்திருப்பாகவும் அளக்கப்படுகிறது. வழியில் பெண்கள் அவளுக்குச் சோறு கொடுக்கிறார்கள், குழந்தையை வாங்கிக்கொள்கிறார்கள், கூட அழுகிறார்கள். ஜமீலா அம்ரான் எண்ணிய அந்த 9,194 பேரின் வேலைக்குத் திரையில் வடிவம் கொடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இது நல்ல பதில், நாடு வேறாக இருந்தாலும்.

மல்தோரோர் இதற்கு முன் 'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' படத்தில் உதவியாளராக வேலை பார்த்தவர் என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள். மரியாவாக நடித்த எலிசா அந்த்ராத் கேப் வெர்தைச் சேர்ந்தவர், தொழில்முறை நடிகை அல்ல. படம் மிக அழகாக இருக்கிறது என்பதையே சிலர் அந்நாளில் குறையாகச் சொன்னார்கள். ஏழைப் போராட்டம் என்றால் படமும் அழுக்காக இருக்க வேண்டும் என்ற எண்ணம்!

பெண் இயக்கினால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

படச்சுருள் யார் பூட்டில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மல்தோரோர் 1970இல் கினி-பிசாவ் காடுகளுக்குப் போய், ஆவா என்ற கிராமத்துப் பெண்ணை மையமாக வைத்து 'பாந்தாவுக்குத் துப்பாக்கிகள்' என்ற படத்தை எடுத்தார். பணம் கொடுத்தது அல்ஜீரிய இராணுவம். கருத்து மோதலில் சுருள்கள் பறிமுதல் ஆயின, அவர் அல்ஜீரியாவைவிட்டு வெளியேற்றப்பட்டார். படம் இன்றுவரை கிடைக்கவில்லை. விடுதலை பெற்ற நாட்டின் இராணுவமே விடுதலைப் படத்தைப் பூட்டி வைத்தது.

கியூபாவின் சாரா கோமெஸ் வேறு கதை. தன் ஒரே முழுநீளக் கதைப்படமான 'தே சியெர்தா மனேரா'வை 16 மி.மீ. சுருளில் எடுத்துவிட்டு, தொகுப்பு முடிவதற்குள் 1974இல் ஆஸ்துமாவால் 31 வயதில் இறந்தார். சக இயக்குநர்கள் முடித்துக்கொடுத்து 1977இல்தான் வெளியானது. புரட்சி முடிந்த பிறகும் ஆண்களுக்குள் கலையாத முரட்டு ஆண்மையைத் தோண்டும் படம் அது. போருக்குப் பிறகு என்ன என்ற கேள்வி எழும்போது இதைப் போடலாம்.

அல்ஜீரிய எழுத்தாளர் ஆஸியா ஜெபாரின் 'லா நூபா' புரியவில்லை. கதையே இல்லையே?

கதையைத் தேடினால் புரியாது, பாட்டைத் தேடினால் புரியும். நூபா என்பது ஆந்தலூசிய இசை மரபில் பல பகுதிகள் அடுத்தடுத்து வரும் கச்சேரி அமைப்பு. 1977இல் அல்ஜீரியத் தொலைக்காட்சிக்காக எடுத்த இந்தப் படம் அந்தப் பகுதிகளின் பெயராலேயே பிரிக்கப்பட்டிருக்கிறது. லீலா என்ற கட்டடக் கலைஞர் ஷெனுவா மலைப்பகுதிக்குத் திரும்பி வருகிறாள். கணவன் அலி சக்கர நாற்காலியில் இருக்கிறான், அவளைப் பார்க்கிறான், பேசுவதில்லை. அவள் வெளியே போய், போரில் அண்ணன் தம்பிகளை இழந்த, சேதி சுமந்த, சிறைபோன கிராமத்துப் பெண்களைப் பேசவைத்துக் கேட்கிறாள். அந்தப் பெண்கள் உண்மையானவர்கள். ஜெபாரின் தாய்வழி உறவுக்கூட்டத்து ஊர் அது.

படம் இரண்டு பேருக்குக் காணிக்கை: 1913இல் அல்ஜீரியாவின் பிஸ்க்ராவுக்கு வந்து நாட்டார் பாடல் பதிந்த ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக், 1957இல் கொல்லப்பட்ட ஸுலீகா என்ற போராளி. கேட்டவர் ஒருவர், கேட்கப்படாமல் போனவர் ஒருவர்.

பார்க்கும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். ஆண் பேசாமல் பார்க்கும் இடத்தையும் பெண் பார்க்காமல் பேசும் இடத்தையும் குறித்துக்கொண்டே வாருங்கள். வழக்கமான படத்தில் இது தலைகீழாக இருக்கும். இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே குறைவான படம், நடுவில் இடைவேளை விடலாம்.

ஆண்கள் இயக்கியதில் பார்க்கத் தகுந்தது இல்லையா?

இருக்கிறது. செம்பேன் உஸ்மான் 1971இல் எடுத்த 'எமிதாய்': இரண்டாம் உலகப்போரின்போது செனகலின் காசமான்ஸ் பகுதியில் பிரெஞ்சுப் படை நெல்லைக் கேட்கிறது. பெண்கள் ஒளித்துவிடுகிறார்கள். அவர்களை வெயிலில் உட்கார வைக்கிறார்கள். ஊர்ப்பெரியவர்கள் எந்தச் சாமிக்கு எதைப் பலி கொடுப்பது என்று விவாதித்துக்கொண்டே இருக்க, பெண்கள் ஒரு சொல்லும் சொல்லாமல் வெயிலில் இருக்கிறார்கள். இங்கும் அவர்கள் பேசுவதில்லை. ஆனால் இந்த மௌனம் அவர்கள் எடுத்த முடிவு. அல்ஜியர்ஸ் படத்தின் மௌனத்தோடு ஒப்பிடுவதற்கு இதைவிடப் பொருத்தமான படம் இல்லை.

ஃப்ளோரா கோமெஸின் 'மோர்து நேகா' (1988) கினி-பிசாவின் முதல் முழுநீளக் கதைப்படம். இயக்குநர் ஆண், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். கணவனைத் தேடி ஆயுதம் சுமக்கும் வரிசையில் நடக்கும் திமிங்கா, போர் முடிந்த பிறகு வறட்சியையும் அவன் ஆறாத புண்ணையும் சுமக்கிறாள்.

பெண்கள் தவிர வேறு யாருடைய குரல் விடுபடுகிறது?

அல்ஜியர்ஸ் படத்தில் உடனே கண்ணில் படுபவர்கள் பாலியல் தொழில் செய்த பெண்கள். குடி, போதை, விபச்சாரம் கூடாது என்று முன்னணி அறிவித்து கஸ்பாவைச் சுத்தம் செய்யும் பகுதியில், அலி ஒரு தரகனைச் சுட்டுக் கொல்கிறான். அந்த வீட்டுப் பெண்கள் அடுத்த நாள் எங்கே போனார்கள்? படம் கேட்கவில்லை. மலைக் கிராமங்களும் இல்லை, பிரெஞ்சுப் படையில் சேர்ந்த அல்ஜீரியர்களும் இல்லை. ஒரு நகரத்தின் கதை என்பதால் இதில் சிலவற்றுக்கு மன்னிப்பு உண்டு.

பெக்டெல் சோதனை வைத்துப் பார்த்தால் போதாதா?

போதாது. பெயருள்ள இரு பெண்கள், ஆணைப் பற்றி அல்லாத பேச்சு என்ற அளவுகோலில் 'எமிதாய்' போன்ற படம் மாட்டிக்கொள்ளும். வெறும் அரட்டை இருக்கும் படம் தப்பிவிடும்.

அப்படியென்றால் எப்படி அளப்பது?

படத்தை முதல் முறை நிறுத்தாமல் பாருங்கள். இரண்டாம் முறை ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரிசை என்று அட்டவணை போடுங்கள். 121 நிமிடப் படத்துக்கு 25 வரிசை வரும். கட்டங்கள் ஐந்து: திரையில் யார், பேசுவது யார், அவருக்குப் பெயர் உண்டா, முடிவெடுப்பது யார், யாருடைய கண் வழியாகப் பார்க்கிறோம். மூன்று பேர் சேர்ந்து செய்தால் ஒருவர் படத்தை மட்டும், ஒருவர் ஒலியை மட்டும், ஒருவர் வசன வரியை மட்டும் குறிக்கட்டும். ஒருவரே எல்லாவற்றையும் குறித்தால் கண் ஜெயித்துவிடும், காது தோற்கும்.

வழக்கமாக மூன்று இடங்களில் கணக்கு பிசகும். கூட்டக் காட்சியில் தெரியும் பெண்களையெல்லாம் எண்ணி மொத்தத்தை ஏற்றிவிடுவது ஒன்று, அவர்களைத் தனியாகக் குறியுங்கள். பாட்டு, குலவை, அழுகை ஆகியவற்றைப் பேச்சு இல்லை என்று தள்ளிவிடுவது இன்னொன்று. மூன்றாவது தொழில்நுட்பப் பிசகு. நொடிக்கு 24 சட்டகத்தில் எடுத்த படம் பழைய ஐரோப்பிய டிவிடியில் 25இல் ஓடும், 121 நிமிடம் கிட்டத்தட்ட 116 ஆகிவிடும். ஆளுக்கொரு பிரதி வைத்திருந்தால் நேரக்குறிப்பு பொருந்தாது. எல்லோரும் ஒரே பிரதியில் வேலை செய்யுங்கள்.

எந்தப் பிரதி, எந்த வரிசை, அனுமதி வேண்டுமா?

'சம்பிசங்கா'வுக்கு 2021இல் இத்தாலியின் பொலோன்யாவில் சீர்செய்த பிரதியைக் கேளுங்கள், பழைய பிரதிகளில் நிறம் வெளுத்திருக்கும். அல்ஜியர்ஸ் படத்துக்கு அரபும் பிரெஞ்சும் கலந்த மூல ஒலி வேண்டும். ஒரே மொழிக்கு மாற்றிய ஒலிப்பதிவில் யார் யாருடைய மொழியில் பேசுகிறார்கள் என்பதே போய்விடும். பழைய சதுர அளவுப் படங்களை அகலத் திரைக்கு இழுக்காதீர்கள், இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்தியாவில் கல்வி நிறுவனத்துக்குள், அதன் நடவடிக்கையின் பகுதியாக, ஆசிரியர், மாணவர், பெற்றோர் மட்டும் பார்க்கும் திரையிடலுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் விலக்கு உண்டு. வெளியாட்களை அழைத்தாலோ கட்டணம் வாங்கினாலோ உரிமையாளரின் அனுமதி வேண்டும். பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றிதழ் பற்றியும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு வாரம் கிடைத்தால் அல்ஜியர்ஸ், 'எமிதாய்', 'சம்பிசங்கா', 'லா நூபா' என்ற வரிசை சரியாக வரும். ஒரே ஒரு நாள்தான் என்றால் அல்ஜியர்ஸ் படத்தின் கண்ணாடிக் காட்சியையும் 'லா நூபா'வில் கிராமத்துப் பெண்கள் பேசும் பத்து நிமிடத்தையும் அடுத்தடுத்துப் போடுங்கள். முதல் கேள்வியை அரங்கின் பின்வரிசையிலிருந்து வாங்குங்கள்.